உட்கார்ந்தபடியே கீரை வளர்க்க

டேப்பை எடுத்து முதலில் வளர்க்கப்போகிறவரை அளந்துகொள்ளுங்கள். அவர் வழக்கமான நாற்காலியிலோ சக்கர நாற்காலியிலோ நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம் ஓர் அளவு. உடம்பை வளைக்காமல் கை எட்டும் தூரம் இன்னோர் அளவு. தொட்டியின் விளிம்பு முழங்கைக்கு மேலே போகக் கூடாது. போனால் தோளைத் தூக்கியே வேலை செய்ய வேண்டிவரும், வலி வந்ததும் செடி கவனிப்பாரின்றிப் போகும்.

பலர் மேசை உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். சக்கர நாற்காலி நுழைய மேசைக்கு அடியில் ஏறக்குறைய 70 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் வேண்டும். அதன்மேல் 20 செ.மீ. தொட்டியை வைத்தால் விளிம்பு 90 செ.மீ.-ஐ எட்டி முழங்கைக்கு மேலே போய்விடும். ஆகவே மேசைமேல் 5 செ.மீ. ஆழத் தட்டுகள் போதும். கடுகு, முள்ளங்கி விதைகளைத் தூவினால் பத்து நாள் வாக்கில் இளங்கீரையாக வெட்டலாம். பிடிப்பு குறைந்த கைக்கு, தானாக விரியும் ஸ்பிரிங் கத்தரி நல்லது.

ஆழமான தொட்டியை நாற்காலியின் பக்கவாட்டில், சுமார் 40 செ.மீ. உயர ஸ்டாண்டில் வையுங்கள். அது ஆடக் கூடாது. சக்கரம் இருந்தால் பூட்டும் இருக்கட்டும்.

தினமும் தண்ணீர்க் குடம் தூக்குவதைத் தவிர்க்கத் திரித்தொட்டி உதவும்: கீழ்ப்பெட்டியில் நிரப்பிய தண்ணீரைத் திரி மேலே செடிக்கு இழுத்துக் கொடுக்கும். ஒன்றுக்குள் ஒன்று அமரும் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை எடுங்கள். மேல்பெட்டியின் அடியில் இரண்டு துளையிட்டு, விரல் தடிமன் நைலான் கயிற்றைக் கீழ்ப்பெட்டித் தண்ணீரில் தொங்கும்படி திரியாக நுழையுங்கள். பருத்தி சீக்கிரம் மக்கிவிடும். திரியை நனைத்த பிறகே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து 15 செ.மீ. வரை நிரப்புங்கள். காய்ந்த திரி தண்ணீரை இழுக்கத் தாமதிக்கும். தோட்டத்து மண் வேண்டாம்: ஈரமான 10 லிட்டர் மண் 15 கிலோவைத் தாண்டும், திரி வழியே நீர் ஏறினால் இறுகியும் போகும். கீழ்ப்பெட்டி ஒளி புகாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். அதன் பக்கவாட்டில், மேல்பெட்டியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வழிதுளை அவசியம். அது இல்லையேல் நீர் மிஞ்சி வேர் அழுகும். பார்வை குறைந்தவர், வழிதுளைக்குக் கீழே கிண்ணம் வைத்தால் நிரம்பியதைச் சத்தத்தால் அறியலாம்.

வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு 25 செ.மீ. மேலே தொங்கவிட்டு, டைமரில் 14 மணி நேரம் வையுங்கள். தண்டு மெலிந்து நீண்டால் விளக்கை இறக்குங்கள். வயர் நாற்காலியின் பாதையில் கிடக்கக் கூடாது.

சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மேல்மண் ஓயாமல் ஈரமாக இருக்கிறதென்று பொருள். மேலே ஒரு விரற்கடை உலர்ந்த மணலைப் பரப்பி, அடிப்பெட்டி காலியாகி ஓரிரு நாள் கழித்து நிரப்புங்கள்.