மீன் தொட்டியில் ஒரு கடலடி நிலச்சரிவு: செய்து பார்க்கும் முறை

கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். நிலச்சரிவு என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் பார்த்த சரிவெல்லாம் சாலையில் குவியலாக நின்றுவிடும். பாறை, செம்மண், தேயிலைச் செடி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கடலுக்கடியில் நடக்கும் சரிவு அப்படி நிற்பதில்லை. தண்ணீரோடு கலந்து கலங்கல் ஓட்டமாகி, போகிற வழியில் மண்ணைத் தரம் பிரித்துக்கொண்டே போகும். ஆழ்கடல் தரையில் எந்த மண் எங்கே படிகிறது என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை மூன்றடி மீன் தொட்டியிலேயே பார்க்கலாம்.

செம்மண் ஒரு டம்ளர், எம்-சாண்ட் அரை டம்ளர், கல் உப்பு, ஒரு பலகை, ஜூஸ் கடையில் தரும் அகலமான ஸ்ட்ரா சில. இவ்வளவு போதும். மண்ணை டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாலையோர மண்சுவருக்கு அடியில் நின்று மண் தோண்டவே கூடாது. வீட்டுத் தோட்டத்து மண் போதும்.

தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் விட்டு, இரண்டு கைப்பிடி உப்பைக் கரையுங்கள். உப்பு இருந்தால்தான் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் படியும், கடலிலும் அப்படித்தான். பலகையை ஒரு முனையில் சாய்த்து வையுங்கள், மீதித் தரை சமமாக இருக்கட்டும். சாய்வு அதிகம் வேண்டாம். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரையான கண்டத்திட்டு முடிந்து கடல் இறங்கும் சரிவே சராசரியாக 4 டிகிரிதான். எங்கள் தேயிலைத் தோட்டங்களோடு பார்த்தால் அது மைதானம். அதைவிடக் குறைந்த சாய்விலும் கடலடியில் பெருஞ்சரிவுகள் நடந்திருக்கின்றன.

மண்ணையும் மணலையும் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு டம்ளர் எடுத்துக் கலக்குங்கள். கிண்டிய கையோடு பலகையின் மேல்முனையில் ஊற்றுங்கள். தாமதித்தால் மணல் பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

இனி பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கலங்கல் மேலே பரவாது. சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கனமானதால் தரையை ஒட்டியே ஓடும். முன்தலை தடித்திருக்கும், அதன் முதுகில் சுழல்கள் எழும். பிள்ளைகள் கத்துவது இந்த இடத்தில்தான். 1929 நவம்பர் 18-இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 7.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஓடியதும் இதுதான். கடலடியில் 12 தந்தி கேபிள்கள் அறுந்தன. நடுக்கத்துக்கு அருகே இருந்தவை உடனே போயின. சரிவுக்குக் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியானது சுமார் 13 மணி நேரம் கழித்து. அந்த நேரங்களை வைத்தே 1952-இல் கடலடி ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

அப்புறம் தொட்டியை ஆட்டாமல் ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இரண்டு திசையில் பார்க்க வேண்டும். கிடைமட்டத்தில், பலகை அடியில் பருமணல், தூரம் போகப் போக நுண்மண். செங்குத்தில், ஒரே இடத்தில் கீழே பருமன், மேலே நுண்மை. கடைசி ஒரு சாண் இடத்தை நம்பாதீர்கள். ஓட்டம் கண்ணாடியில் மோதித் திரும்பி அங்கே படிவைக் கலைத்திருக்கும். வங்காள விரிகுடாவின் தரையில் விசிறி போல விரிந்து கிடக்கும் மண்படிவுக்கு அப்படியொரு சுவர் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த மண் இப்படிப்பட்ட ஓட்டங்களில் ஏறி, சுமார் 3,000 கிலோமீட்டர் தெற்கே போய்ப் படிந்திருக்கிறது.

அடுத்து, அதே மண்ணை அடை மாவு பதத்தில் குழைத்து, கோலமாவு கொஞ்சம் சேர்த்து, அதே இடத்தில் சரியவிடுங்கள். இது ஓடாது, பலகை அடியிலேயே எங்கள் சாலைக் குவியல் மாதிரி கலந்து நிற்கும். ஆனால் அதன் மேற்பரப்பிலிருந்து லேசான புகை போலக் கலங்கல் கிளம்பி முன்னே போகும். உண்மைக் கடலிலும் ஒரே சரிவு இப்படிக் கட்டியாகத் தொடங்கி ஓட்டமாக மாறலாம்.

மறுபடி ஒரு இரவு கழித்து, ஸ்ட்ராவைப் படிவுக்குள் நேராக இறக்கி, மேல்வாயை விரலால் அடைத்து உருவுங்கள். பலகை அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று. எது எங்கே எடுத்தது என்று சொல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.