காலைத் தும்மலா? தலையணையைப் பாருங்கள்

எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. வெளியே போனால் குறைகிறது. இப்படி இருந்தால் முதலில் படுக்கையைச் சந்தேகப்படுங்கள். அங்கே குடியிருக்கும் தூசிப்பூச்சி (dust mite) என்ற நுண்ணுயிர் 0.3 மில்லிமீட்டர்தான். நம் உடம்பில் உதிரும் தோல் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் எச்சம். பூச்சி செத்தாலும் தும்மல் நிற்காதது இதனால்தான். எச்சத்தைத் துவைத்து வெளியேற்ற வேண்டும்.

தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீர் எச்சத்தை ஓரளவு அகற்றும், பூச்சியைக் கொல்லாது. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் நல்ல வெயிலில் இருபுறமும் காயவைத்து அங்கேயே தட்டுங்கள். அறைக்குள் தட்டினால் தூசி முழுக்க மூக்குக்குத்தான் போகும். துணி பொம்மையை 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு அலசுங்கள். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். மழைக்காலத்தில் படுக்கையறைக்குள் துணி உலர்த்தாதீர்கள். அந்த ஈரத்தில்தான் பூச்சி பெருகும்.

பெற்றோருக்கு ஆஸ்துமாவோ தோல் கரப்பானோ இருந்தால் பிள்ளைக்கும் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் புகைபிடிப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். இரவில் இளைப்போ, மூச்சில் விசில் சத்தமோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.