படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனி ஆளாகத் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி?

வீட்டில் ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அப்பா தறிக்குப் போயாக வேண்டும், அம்மாவுக்குக் கொலுசு வேலை, மிச்சமிருப்பது பிளஸ் டூவோ காலேஜோ படிக்கிற நீங்கள்தான் என்றால் இது உங்களுக்கு. எங்கள் வீட்டில் ஆயாவை, அதாவது பாட்டியை, பகலில் பார்த்துக்கொள்வது நான். உனக்கு அவ்வளவு தெம்பு ஏதுடா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். தெம்பு இதில் பெரிய விஷயமே இல்லை, ஆயாவைவிட நான் எடை குறைவு.

ஏன் திருப்ப வேண்டும்? ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்துப் புண்ணாகும். குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முதுகுத்தண்டு முடிகிற இடம், இந்த மூன்றில்தான் முதலில் வரும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள், ராத்திரிக்கு எவ்வளவு என்பதை மட்டும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பக்கம் மலைக் கிராமத்தில் இருந்தால் இதில் இன்னும் கறாராக இருங்கள், புண் வந்த உடம்பை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை.

1. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், இரண்டு பக்கமும் நீங்கள் போய் நிற்க இடம் வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் வேட்டி ஒன்றை மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் வரும்படி விரித்து வையுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காமல் இந்த வேட்டியைப் பிடித்துத்தான் நகர்த்தப் போகிறோம். வெறும் மெத்தையில் உடம்பை இழுத்தால் தோல் உராய்ந்து உரியும்.

2. சொல்லிவிட்டுத் தொடுங்கள். "ஆயா, ஜன்னல் பக்கம் திருப்பறேன்." பேச்சு போனவருக்கும் காது கேட்கும்.

3. எந்தப் பக்கம் திருப்பப் போகிறீர்களோ அதற்கு எதிர்ப் பக்கம் நின்று, வேட்டியைப் பிடித்து ஒரு சாண் உங்கள் பக்கம் இழுங்கள். ரொம்ப ஓரத்துக்கு வேண்டாம். அப்போதுதான் திரும்பிய பிறகு ஆள் கட்டிலின் நடுவில் இருப்பார். அப்புறம் சுற்றி வந்து, அவர் திரும்பப் போகிற பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

4. செயலிழந்த கையை மெதுவாக எடுத்து நெஞ்சின் மேல் வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து மட்டும் இழுத்துவிடாதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும், பிறகு மாசக்கணக்கில் வலி. உங்களுக்கு எட்டத்தில் இருக்கிற முழங்காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்ற வையுங்கள். ஒரு உள்ளங்கை தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொன்று இடுப்புக்குப் பின்னால். ஒரு காலைப் பின்னே வைத்து, உங்கள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பு கனத்தைப் பின்காலுக்கு மாற்றுங்கள். ஆள் தானாக உங்களை நோக்கி உருண்டு வருவார். முதுகை வளைத்துக் கையால் இழுத்தீர்கள் என்றால் அடுத்த கட்டிலில் நீங்கள்தான்.

5. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்ந்தாற்போல நிறுத்துங்கள், நேர்ப்பக்கமாக ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு எலும்பு மொத்தமாக அழுந்தும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

6. திருப்பின கையோடு முதுகைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் ஆரம்பம். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும் அதே அர்த்தம்தான். அங்கே தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது (பெரியவர்கள் கட்டாயம் நீவச் சொல்வார்கள்). அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் நர்ஸிடம் காட்டுங்கள்.

சித்திரை வெயிலில் வேர்வையே பாதித் தோலை ஊற வைத்துவிடும், துணி ஈரமானால் உடனே மாற்றுங்கள். துணி மாற்ற, துடைத்துவிடப் பையன்கள் கூச்சப்பட்டால் அது தப்பில்லை, ஆயாவுக்கும் கூச்சம் இருக்கும், சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும்.

மோட்டார் வைத்த காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்தால் மாற்று மெத்தையை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸ் கவனிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். பிசியோதெரபிஸ்ட் வருகிற அன்றைக்கு அவர் முன்னாலேயே ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள், கை வைக்கிற இடத்தைச் சரிசெய்து கொடுப்பார்.

அடுத்த வேலை, நீங்கள் திருப்புவதை யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்வது. ஆயா முகம் வர வேண்டாம், உங்கள் கையும் காலும் தெரிந்தால் போதும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, செமஸ்டர் பரீட்சைத் தேதிகளையும் கீழேயே எழுதி, எந்த ராத்திரி யார் என்று பெயர் போட்டுவிடுங்கள். "எனக்கு அவ்வளவு தெம்பு இல்லப்பா" என்று மாமா சொன்னால், வீடியோவை மறுபடி அனுப்புங்கள்.