ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் முதல் மலைநடை: மைல்கல்லைப் பிடித்துத் திட்டமிடுவது எப்படி?

ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்பது அமெரிக்காவில் தேசியப் பூங்காத் துறை ஒரு பூங்காவாகவே பராமரிக்கும் நீண்ட மலைச்சாலை. அங்கே போகிறவர்களில் நிறையப் பேர் ஓவர்லுக்கில் (காட்சி பார்க்கச் சாலையோரம் விட்டிருக்கும் இடம்) காரை நிறுத்தி, நாலு படம் எடுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். பார்க்கிங்கிலிருந்து அரை மைல் உள்ளே நடந்தாலே மலை வேறு மாதிரி தெரியும். அந்த நடை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். அதனால் இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான். ஷூ, தண்ணீர், தொப்பி எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: எண் ஓடும் திசை

மைல் 0 வர்ஜீனியாவில், ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் தென்முனையை ஒட்டிய ராக்ஃபிஷ் கேப்பில் இருக்கிறது. மைல் 469 வட கரோலைனாவில், செரோக்கி ஊருக்குப் பக்கத்தில். தெற்கே போனால் எண் கூடும், வடக்கே போனால் குறையும். நுழைவுக் கட்டணம் கிடையாது. குறுக்கே வரும் நெடுஞ்சாலைகளிலிருந்து இடையிலேயே ஏறிக்கொள்ளலாம். எந்த எண்ணுக்கருகில் ஏறுகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாதை தொடங்கும் இடம்

இங்கே முகவரி என்றால் மைல்கல் எண்தான். சாலையோரத்தில் மைலுக்கு ஒன்றாகச் சின்னத் தூண்கள் நிற்கும். பூங்காவின் வரைபடத்திலும் பட்டியல்களிலும் எல்லா இடங்களும் 302.8, 418.8 என்று தசமத்தோடு இருக்கும். தூண்களில் முழு எண் மட்டுமே இருக்கும். தசமத்தை உங்கள் காரின் ட்ரிப் மீட்டரில்தான் அளக்க வேண்டும்.

கிராகி கார்டன்ஸையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரில் 364க்கும் 365க்கும் நடுவே ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது, 367.6இல் ஒரு பிக்னிக் பகுதியும் இருக்கிறது. உச்சிக்கு ஏறும் கிராகி பினக்கிள் பாதையோ இரண்டிலும் தொடங்காது. அது 364.1இல், மையத்துக்கு வடக்கே ஒரு சுரங்கத்தையும் தாண்டி இருக்கும் பார்க்கிங்கில் தொடங்குகிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மூன்றில் எங்கே போய் நிற்பீர்கள் என்று சொல்ல முடியாது.

இப்போது தெற்கே இருக்கும் ஆஷ்வில் நகரத்திலிருந்து வடக்கே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண் குறைந்துகொண்டே வரும். அதனால் 364.1க்கு முன்னால் நீங்கள் பார்க்கிற தூண் 364 இல்லை, 365. அங்கே ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 0.9 மைல் ஓட்ட வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு 364ஆம் தூணிலிருந்து வெறும் 0.1 மைல்தான். வடக்கே போகும்போது கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தேடுகிற தூண் புதரில் மறைந்திருந்தால் அதற்கு முந்தைய தூணிலிருந்து அளந்துகொள்ளுங்கள். எண்ணிப் பார்க்கிற வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். வளைவுகள் அதிகமான சாலை, ஓட்டுகிறவர் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

படி 3: சாலை திறந்திருக்கிறதா?

தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் சாலை மூடல் பட்டியல் மைல்கல் வாரியாகவே இருக்கும். உங்கள் பாதையின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஏறும் இடத்திலிருந்து அதுவரைக்கும் உள்ள ஒவ்வொரு மைலும் திறந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் உயரமான பகுதிகளைப் பனிக்காக மூடுவார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலைனா பகுதியைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எனவே பழைய வழிகாட்டிகளை நம்பாமல் கிளம்புகிற நாள் காலையில் பாருங்கள்.

பார்க்வே மேலேயே பெட்ரோல் பங்க் கிடையாது. வேக வரம்பு அதிகபட்சம் மணிக்கு 45 மைல்தான், நூறு மைலுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

படி 4: எந்தப் பாதை?

முதல் நடைக்கு என் தேர்வு கிராகி பினக்கிள்தான். ஒரு வழி முக்கால் மைல்கூட வராது. காற்றில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த குட்டை மரங்களுக்கு நடுவே போகும். ஜூன் நடுவில் ரோடோடென்ட்ரான் பூத்திருந்தால் அதற்கு ஈடே இல்லை.

குழந்தைகளோடு என்றால் 297ஆம் மைலை ஒட்டிய பிரைஸ் ஏரியைச் சுற்றி வாருங்கள். கால் வலுவாக இருந்தால் 86ஆம் மைலில் ஷார்ப் டாப் மலை, ஒன்றரை மைல் விடாமல் ஏற்றம். 422.4இல் டெவில்ஸ் கோர்ட்ஹவுஸ் அரை மைல்தான், ஆனால் மூச்சு வாங்கும். உச்சியில் இருக்கும் சுவரைத் தாண்டாதீர்கள், அந்தப் பாறையில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் அழகுதான், ஆனால் அதன் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். வார இறுதியில் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

304ஆம் மைலுக்கருகில் டனாவா பாதை லின் கோவ் பாலத்துக்கு அடியிலேயே போகிறது. பார்க்வே வேலை 1935இல் தொடங்கியது. கிராண்ட்ஃபாதர் மலைச் சரிவை வெட்டாமல் சாலை போட வழி தேடி, 153 காங்கிரீட் துண்டுகளைக் கோத்து இந்தப் பாலத்தைக் கட்டிய பிறகுதான், 1987இல் சாலை முழுமையானது. மேலே காரில் போனால் இது தெரியாது, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

படி 5: பையில் என்ன?

பூங்காத் துறையின் செயலியில் இந்தப் பூங்காவை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் சிக்னல் இருக்காது. கூடவே காகித வரைபடம் கட்டாயம். ஆல்டிரெயில்ஸ் என்ற மலைநடைச் செயலியை மற்றவர்களின் அண்மைக் குறிப்புகளுக்காக மட்டும் பார்ப்பேன். குடையைவிட மழை ஜாக்கெட் மேல். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரும். ஆஷ்வில் சுமார் 2,100 அடியில் இருக்கிறது, 431.4ஆம் மைலில் சாலையே 6,053 அடிக்குப் போகிறது. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

ஜிபிஎஸ் பார்க்வேயை விட்டு வெளியே இழுக்கிறது என்று பலர் எழுதினார்கள். அது வேகமான வழியைத் தேடும், அதனால்தான். பார்க்வேயில் ஏறும் சந்திப்புவரை அதைப் பயன்படுத்துங்கள், அப்புறம் அணைத்துவிட்டு மைல்கல்லைப் பாருங்கள்.

மரத்தில் வெள்ளை வட்டம் இருந்தால் அது மவுண்டன்ஸ்-டு-சீ நெடும்பாதை. நிமிர்ந்த வெள்ளைச் செவ்வகம் என்றால் அப்பலாச்சியன் பாதை. இரண்டும் உங்கள் குறும்பாதையை வெட்டிப் போகலாம், வந்த பக்கம் எது என்று சந்திப்பில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குறிகள் இருந்தால் பாதை திரும்பப் போகிறது என்று பொருள்.