சந்தைக்குப் பையோடு போவது எப்படி

குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற அந்தப் பெரிய பையை முதலில் கழற்றி நிலத்தில் கொட்டுங்கள். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும், உள்ளுக்குள் பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று அடைந்து கிடக்கும். நாங்கள் கொட்டியபோது அம்மா "எறியாத பிள்ளை, தேவைப்படும்" என்றார். எறியச் சொல்லி நானும் சொல்லவில்லை. எந்தக் கடையில் இருந்து வந்தது என்று மட்டும் பிரித்துப் பாருங்கள்: மீன், மரக்கறி, பலசரக்கு, மருந்துக்கடை, சாப்பாட்டுப் பார்சல். சுப்பர்மாக்கெற் பைதான் கூட இருக்கும் என்று நினைத்தேன், பார்த்தால் முக்கால்வாசி மீனும் மரக்கறியும். அப்படியென்றால் பொலித்தீன் பையைக் குறைக்கத் தொடங்க வேண்டிய இடமும் சந்தைதான்.

பிரிக்கிற நேரம் ஒவ்வொன்றையும் கையால் கசக்கியும் பாருங்கள். சரசர என்று சத்தம் போடுகிற மெல்லிய பை பெரும்பாலும் உயர் அடர்த்திப் பொலித்தீன். அந்த வகைப் பை இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிய பிறகு வந்த தடை அது. லஞ்ச் சீற்றும் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் அதில் சேர்த்தி. அதற்கு முன்னரே 2007இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனைத் தடுத்திருந்தார்கள். சத்தமில்லாமல் மெதுவாக இழுபடுகிற பை குறை அடர்த்தி வகை. அது தடையில்லை, ஆனால் 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் அதைச் சும்மா தரக்கூடாது. விலையைக் கண்ணில் படுகிற இடத்தில் போட்டிருக்க வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் உத்தரவு இது. முறைப்பாடு என்றால் 1977க்கு அடிக்கலாம். நான் இன்னும் அடிக்கவில்லை, ஒழுங்கைக் கடை அண்ணையைக் காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நாள் அவரிடமே போய்ப் பாண் வாங்குவது எப்படி?

சரி, பை கொண்டுபோவது. புதுப் பை வாங்காதீர்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018இல் டென்மார்க் சுற்றாடல் நிறுவனம் கணக்குப் பார்த்தது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றின் காலநிலைப் பாதிப்பு மட்டும் ஒரு பொலித்தீன் பைக்கு ஈடாகவே அதை ஐம்பது தடவைக்கு மேல் பாவிக்க வேண்டுமாம், மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது. அலுமாரியில் கிடக்கிற கல்யாணவீட்டுப் பை, செமினாரில் தந்த பை, பழைய வேட்டியில் தைத்த பை எல்லாம் ஏற்கெனவே செய்து முடிந்தவை, அவற்றையே எடுங்கள். துணிபோல இருக்கிற, ஓரத்தில் தையல் போடாமல் சூட்டில் ஒட்டிய பைகளும் பிளாஸ்ரிக்தான். கிழியும்வரை பாவியுங்கள், துணி என்று மட்டும் ஏமாற வேண்டாம்.

பை வீட்டில் இருப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, சந்தை வாசலில் நின்று "ஐயோ, பையை மறந்திட்டன்" என்பதுதான் வழக்கமான கதை. சைக்கிள் என்றால் கரியரில் ஒன்றை மடித்துக் கட்டிவிடுங்கள், ஸ்கூட்டி என்றால் சீற்றுக்குக் கீழே இரண்டு. வீட்டுக்கு வந்து சாமானை இறக்கினதும் வெறும் பை திரும்ப வண்டிக்குப் போக வேண்டும், குசினிக்குள் விட்டீர்களோ அடுத்த நாள் அது அங்கேயேதான் இருக்கும். இந்த ஒரு பழக்கம் பிடிபட எனக்கு இரண்டு மாதம் போனது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு லேசு.

மீன்தான் கஷ்டம். அயர்லாந்தில் பைக்கு வரி போட்டபோதுகூட மீன், இறைச்சி போடுகிற சின்னப் பைகளை விட்டுவிட்டார்கள் என்றால் பாருங்களேன். நாங்கள் செய்வது இதுதான்: இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை மூடியோடு கொண்டுபோவது. விலை பேசுவதற்கு முன்னமே பெட்டியை நீட்ட வேண்டும், பேசி முடித்தபிறகு நீட்டினால் மீன் ஏற்கெனவே பைக்குள் விழுந்திருக்கும். வெறும் பெட்டியைத் தராசில் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது மீனைத் தனியே நிறுத்துவிட்டுப் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டியின் பாரத்துக்கும் காசு போகும். முதல் நாள் மீன்காரர் சிரித்தார், "தங்கச்சி என்ன, ஐஸ்கிறீம் வாங்கவோ வந்தனீங்கள்?" என்று. பெரிய மீன் வாங்குகிற நாளில் பெட்டி பத்தாது, அன்றைக்கு உமல். எங்கள் அம்மப்பாமார் மீன் கொண்டுவந்த அதே பனையோலை உமல்தான், அடியில் வாழையிலை ஒன்று போட்டால் தண்ணி அவ்வளவாக ஒழுகாது. கழுவியதும் கவிழ்த்துக் காயவிடுங்கள், மாரிகாலத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஓலைப்பை விலை கூட என்று சொல்லுகிறவர்கள் அதை இழைக்கிற பெண்ணின் ஒரு நாள் கூலியையும் யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

மரக்கறிக்கு அவ்வளவு பாடு இல்லை. கத்தரிக்காய், வெண்டிக்காய், கிழங்கு எல்லாம் ஒரே பைக்குள் கொட்டலாம், வீட்டில் பிரிக்க ஐந்து நிமிடம். தக்காளி மட்டும் கடைசியாக, மேலே. பச்சைமிளகாய்க்கும் தேசிக்காய்க்கும் பழைய கொப்பித் தாளில் ஒரு சரை போதும். கீரைக்கட்டை எதற்குப் பைக்குள் போடுகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நீங்கள் கடை வைத்திருக்கிறவர் என்றால் ஒரே ஒரு வசனத்தை மாற்றிப் பாருங்கள். "பை வேணுமோ?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "பை கொண்டுவந்தனீங்களோ?" என்று கேளுங்கள். பைக்கட்டை மேசையில் தொங்கவிடாமல் கீழே வையுங்கள், எட்டி எடுக்கிற அந்த நேரத்துக்குள் பாதிப் பேர் "விடுங்கோ, கையில கொண்டுபோறன்" என்றுவிடுவார்கள். பைக்கு வாங்குகிற காசைச் சாமான் விலைக்குள் ஒளிக்கவும் வேண்டாம். காசு சின்னதுதான், ஆனால் தனியாகக் கேட்டால்தான் உறைக்கும். அயர்லாந்தில் 2002இல் ஒரு பைக்கு 15 யூரோ சதம் வரி போட்டார்கள், ஆளுக்கு வருடம் 328 ஆக இருந்த பை 21க்கு விழுந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் விருப்பத்துக்கு விட்டால் என்ன? அவுஸ்திரேலியாவில் பார்த்தார்கள். 2003இல் பெரிய கடைகள் தாங்களாகவே பையைப் பாதியாகக் குறைப்போம் என்று ஒப்புக்கொண்டன, நன்றாகக் குறையவும் செய்தது, ஆனால் அந்தப் பாதியை எட்டவில்லை. தெற்கு அவுஸ்திரேலியா 2009இல் தடையே போட்டது. எங்கள் ஊரிலும் சிக்கல் அதேதான். "நான் மட்டும் நிறுத்தினால் சனம் பக்கத்துக் கடைக்குப் போயிடும்" என்று நான் கேட்ட எல்லாக் கடைக்காரரும் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. வெறும் தடையாலும் ஆகாது, பங்களாதேஷ் 2002இலேயே மெல்லிய பையைத் தடுத்த நாடு, அங்கே பை இன்னும் ஒழியவில்லை. கலிபோர்னியாவில் கடைப் பையைத் தடுத்த ஊர்களில் சின்னக் குப்பைப் பையின் விற்பனை இரட்டிப்புக்கு மேல் போனது, கடைப் பையைத்தான் அவர்களும் குப்பை வாளிக்குள் போட்டு வந்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு கடையைப் பிடிக்காதீர்கள், ஒரு வரிசையைப் பிடியுங்கள். ஒரே ஒழுங்கையில் இருக்கிற நான்கைந்து கடைக்காரரையும் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, எல்லாரும் ஒரே நாளில், ஒரே விலையில் பைக்குக் காசு வாங்கத் தொடங்கச் சொல்லுங்கள். சட்டம் ஏற்கெனவே அவர்கள் பக்கம் இருக்கிறது, சனம் கோபித்தால் "அரசாங்கம் சொன்னது" என்று சொல்லித் தப்பலாம், கடைக்காரருக்கு அது பெரிய உதவி. சந்தைக்குள் என்றால் பிரதேச சபை உறுப்பினரைப் பிடிக்க வேண்டும், சந்தையைக் குத்தகைக்கு விடுகிறபோது நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோயில் என்றால் இன்னும் சுகம். பரிபாலன சபை திருவிழாக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தால் அடுத்த நாளே பிரசாதம் இலையில் வரும். தண்ணீர்ப்பந்தலில் பிளாஸ்ரிக் கப் கொடுப்பவர்களுக்கு, அது 2023 ஒக்ரோபர் முதல் தடை என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

இனி, நிலத்தில் கொட்டின பைகள். முற்றம் கூட்டிச் சருகோடு சேர்த்துக் கொளுத்துவது எங்கள் பழக்கம், பை உள்ளே இருந்தால் அதைச் செய்யாதீர்கள். பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017இல் தடையானது, அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்குத்தான் முதலில் போகும். புதைக்கவும் வேண்டாம், கிணற்றுத் தண்ணி குடிக்கிற ஊர் இது. நல்ல பைகளைக் கழுவி உலர்த்தி, மடித்து, மரக்கறி விற்கிற ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், மறந்து வருகிறவர்களுக்கு அவர் கொடுப்பார். கிழிந்ததைச் சபை வண்டிக்குத் தனியாகக் கட்டி வையுங்கள். குப்பை வாளிக்குப் பை தேவையே இல்லை, மரக்கறித் தோலும் மீன் செதிலும் நேரே வாழையடிக்குப் போனால் வாளி நாறாது.

எங்கள் மீன்காரர் இப்போது பெட்டியைக் கண்டால் சிரிப்பதில்லை. போன கிழமை நான் வெறுங்கையோடு போய் நின்றேன், "எங்க ஐஸ்கிறீம் பெட்டி?" என்று கேட்டுவிட்டுப் பைக்குக் காசும் வாங்கினார்.