வாடகை வீட்டில் எது பெரிய மீறல்? ஓனரும் குடியிருப்பவரும் செய்யும் தவறுகள்

வாடகை அக்ரிமென்ட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஷரத்துகள் இருக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது, ஐந்தாம் தேதிக்குள் வாடகை தர வேண்டும், உள்வாடகைக்கு விடக் கூடாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரி வரும்: 'மேற்கண்ட ஷரத்துகளில் எதை மீறினாலும் உடனே வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.' இந்த வரியை நம்பி, ஆணி அடித்ததற்கே காலி செய்யச் சொல்லும் ஓனர்கள் உண்டு. இதெல்லாம் டைப் அடிக்கிறவர் வழக்கமாகப் போடுவது என்று நினைத்து, ஓர் அறையை நண்பனுக்கு விட்டுக் காசு வாங்கும் குடித்தனக்காரர்களும் உண்டு. சட்டத்தின் கண்ணில் ஆணியும் உள்வாடகையும் ஒன்றில்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. ஒருவரை வீட்டை விட்டு வெளியேற்ற என்னென்ன காரணங்கள் செல்லும் என்று அதன் 21-வது பிரிவு பட்டியல் போடுகிறது. வாடகை பாக்கி, அனுமதியின்றி அடுத்தவரிடம் வீட்டை ஒப்படைப்பது, எச்சரித்த பிறகும் தொடரும் தவறான பயன்பாடு, ஓனருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது போன்றவை அதில் உண்டு. நாயும் ஆணியும் கறிக்குழம்பு வாசனையும் இல்லை. 'உடனே' என்ற சொல்லுக்கும் அங்கே இடமில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறியதே ஒரு காரணம். 'நமக்குள்ள எதுக்கு சார் பத்திரம்' என்று வாய்ப்பேச்சில் குடியேறுகிறவர் முதல் நாளிலேயே பலவீனமான இடத்தில்தான் நிற்கிறார். பதினொரு மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்பதும் பாதிதான் சரி. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்கு அது பொருந்தும். புதிய வாடகைச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் வாடகை அதிகார அமைப்பிடம் (இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் அதிகாரி) பதிய வேண்டும்.

'அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க'

எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். அந்த 'வேறு உடன்பாடு' என்ற சந்தில்தான் பத்து மாதமும் நுழைந்துகொள்கிறது. மாதம் பதினைந்தாயிரம் வாடகை, ஒன்றரை லட்சம் ஓனரிடம் இருக்கிறது. வேலை போகிறது, அல்லது ஓனரோடு மனக்கசப்பு. 'அவர்கிட்டதான் என் பணம் இருக்கே, ரெண்டு மாசம் கொடுக்கலைன்னா என்ன' என்று நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய சட்டத்தில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. அங்கே பாக்கி 'வேண்டுமென்றே' வைத்ததாக இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதே உச்ச நீதிமன்றம் வரை போய், 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் விரிவாகப் பேசப்பட்டது. புதிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. இரண்டு மாத வாடகை நின்று, ஓனர் நோட்டீஸ் அனுப்பி, அது கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டாவிட்டால் காரணம் உருவாகிவிட்டது. ஏன் நின்றது என்ற கதை பெரிதாக எடுபடாது. வாடகை மட்டும்தான் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தப்படி நீங்கள் கட்ட வேண்டிய மெயின்டனன்ஸ், தண்ணீர், கரன்ட் போன்ற கட்டணங்களும் இந்தப் பாக்கியில் சேரும்.

அதே ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் பாக்கிக்காக வெளியேற்ற முடியாது. ஆகவே நோட்டீஸைத் தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்புவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. அது மிரட்டல் கடிதம் போலத் தெரிந்தாலும், தப்பிக்கும் கெடு அது வந்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. ஒரு முறை இப்படித் தப்பித்தவர் பிறகு ஏதாவது ஓர் ஆண்டில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால், அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது.

ஓனரே வாடகையை வாங்க மறுத்து, பிறகு 'பாக்கி' என்று வழக்குப் போடுவதும் உண்டு. ஜிபே நம்பரை பிளாக் செய்வது இந்தக் காலத்து உத்தி. அப்போது சும்மா இருப்பது தவறு. மணியார்டர், வங்கி என்று தடம் விட்டுப்போகும் வழியில் அனுப்புங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் கட்டலாம். 14-வது பிரிவு அதற்குத்தான்.

உள்வாடகையும் விருந்தாளியும்

கல்லூரியில் சேர்ந்த அண்ணன் மகன் உங்களோடு தங்குவது உள்வாடகை ஆகாது. வீடு உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் பெங்களூருக்கு மாறிப் போய், சாவியை நண்பனிடம் கொடுத்து, அவன் மாதாமாதம் உங்களுக்கு அனுப்பும் பணத்தை நீங்கள் ஓனருக்கு அனுப்பினால், வீடு கைமாறிவிட்டது. லாபம் ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை என்பது பதிலாகாது. வீடு யார் வசம் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். 'ஓனருக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை' என்பதும் போதாது. சட்டம் கேட்பது எழுத்துப்பூர்வமான சம்மதம். ஒரு வரி எழுதி வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் கேட்கத் தயங்கித்தான் பலர் மாட்டுகிறார்கள்.

தவறான பயன்பாடு என்பதில் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, கட்டடத்துக்குச் சேதம், கூடுதல் இடத்தை வளைத்துக்கொள்வது, சட்டவிரோதக் காரியம், ஓனரின் நலனுக்குக் கேடு ஆகியவை வரும். மாலையில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதை எந்த நீதிமன்றமும் பெரிதாக எடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டு மின் இணைப்பில் மாவு மில் ஓட்டினால் கதை வேறு. மின்வாரியம் பிடித்தால் அபராதம் வந்து நிற்கும் இணைப்பு ஓனர் பெயரில் இருக்கிறது. இங்கேயும் முதலில் நோட்டீஸ். அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் காரணம்.

ஃப்யூஸைப் பிடுங்கும் ஓனர்

இது ஓனர்களுக்கு. மூன்று மாதப் பாக்கி, போன் எடுக்கவில்லை, கோபம் தலைக்கேறுகிறது. கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து அந்த வீட்டு ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அல்லது மோட்டார் போடுவதை நிறுத்துகிறார், வெளியூர் போன நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடுகிறார். அதுவரை தவறெல்லாம் குடியிருப்பவர் பக்கம் இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து இவர் பக்கமும் வந்துவிட்டது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தவே கூடாது என்கிறது 20-வது பிரிவு. பாக்கி இருந்தால் நிறுத்தலாம் என்ற விலக்கு அதில் இல்லை. வாடகை அதிகார அமைப்பு உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவே போடலாம்.

போலீசுக்குப் போவதும் வீண் அலைச்சல்தான். வாடகை தராதது குற்ற வழக்காகாது, உரிமையியல் வழியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர்.

மீறல் தெரிந்த பிறகும் ஒன்றும் எழுதாமல் மாதாமாதம் வாடகையை வாங்கிக்கொண்டே இருப்பது ஓனர்களின் இன்னொரு தவறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 112-வது பிரிவு, குத்தகையை (வாடகையும் இதில் அடங்கும்) முறிக்கும் அளவுக்கான மீறல் தெரிந்தும் வாடகை வாங்கினால் அதை விட்டுக்கொடுத்ததாகக் கொள்கிறது. வழக்குப் போட்ட பிறகு வாங்கும் வாடகைக்கு இது பொருந்தாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த ரசீதுகளைத்தான்.

கூரை ஒழுகினால் வாடகை நிறுத்தலாமா?

முழுதாக நிறுத்துவது ஆபத்து. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, உள்ளே ஓடும் வயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் ஓனர் வேலை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு நம் வேலை. ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அப்புறம், கழிக்கும் முன் ஒழுகலைப் போட்டோ எடுத்து எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கொத்தனார் கூலிக்கும் சீட்டு வாங்கி வையுங்கள்.

'பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு நமக்கு'

டீக்கடைச் சட்டங்களில் இதுதான் அதிகம் கெடுத்தது. வாடகைதாரர் இருப்பது ஓனரின் அனுமதியில். முப்பது வருடம் இருந்தாலும் அது அனுமதியில் இருப்பதுதான். எதிரிடை அனுபவம், அதாவது அடுத்தவர் சொத்தைத் தன்னுடையதாகவே நீண்ட காலம் அனுபவித்து உரிமை கோருவது, ஆகாது. அதைவிட மோசம், நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது 'இவர் ஓனரே இல்லை' என்று எழுதிவிடுவது. வீட்டைத் தனக்கோ மூன்றாம் ஆளுக்கோ சொந்தம் என்று சொல்வது, சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-வது பிரிவில் குத்தகையையே இழக்கச் செய்யும் மீறல். பெரியவர் இறந்து பிள்ளைகளுக்குள் பாகத் தகராறு வந்து, இருவரும் வாடகை கேட்டால் ஒருவர் பக்கம் சாயாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத நிலையிலும் அதிகார அமைப்பிடம் கட்டலாம்.

பாதியில் கிளம்புவது

'ஒரு வருடத்துக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படாது' என்ற ஷரத்தைப் பார்த்துப் பயந்து, வேலை மாறியும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே போவது மீறல்தான், அதற்கு இழப்பீடும் கேட்கலாம். ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவில், எழுதி வைத்த தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான அளவு மட்டுமே கிடைக்கும். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஒரு மாத வாடகை கேட்பதில் நியாயம் உண்டு. பத்து மாத அட்வான்ஸை விழுங்குவதில் இல்லை. அதனால் கிளம்புகிறவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, சாவி கொடுத்த தேதிக்குக் கையெழுத்து வாங்கி, அன்றைய கரன்ட் ரீடிங்கைப் படம் எடுத்து, வாசலில் 'டு லெட்' பலகை எப்போது இறங்கியது என்பதையும் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்.