வெயில் காலத்தில் ஃபிலிம் கழுவ

டெவலப்பர் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டு வரும் ரசாயனக் கரைசல்) அட்டவணையில் இருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சித்திரை மாதத்தில் நம் குழாயில் 20 டிகிரியில் தண்ணீர் எங்கே வருகிறது? சூடு ஏறினால் நேரம் குறைய வேண்டும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஃபிலிமில் திட்டுத்திட்டாக விழக்கூடும்.

அதனால் டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்துப் பயன்படுத்துங்கள். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். 24 டிகிரியில் கழுவினாலும் 9 நிமிடத்தையொட்டிக் கிடைக்கும். அது போதும்.

அப்புறம், ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், உருகி அளவைக் கெடுத்துவிடும். (நான் போட்டிருக்கிறேன். 36 படமும் வெளிறிப் போயின.) பக்கெட் தண்ணீரில் ஐஸைப் போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். ஃபிக்ஸர் (வந்த படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கடைசியில் அலசும் தண்ணீர் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து நேராக மொட்டை மாடித் தொட்டித் தண்ணீருக்குப் போனால் எமல்ஷன் (ஃபிலிம் மேல் படம் பதியும் பூச்சு) சுருக்கம் விழுந்து, வலை போல் வெடிப்பு விழலாம்.